முன்சக்கரத்தின் அம்புக்குறி

மழை பிடிப்பதற்குள் வண்டிக்கு இரண்டு டயரையும் மாற்றிவிட வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவருக்குச் சாமளாபுரத்தில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. தினமும் வண்டியில்தான் போய்வருவார். எனக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். பின் டயரைக் கையால் தடவினால் பாத்திரத்தைத் தடவுவது மாதிரி இருந்தது. முன் டயரும் அதற்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. மழை பெய்த முதல் நாள் அந்த ரோட்டில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து எப்படி வழுக்கும் என்று இங்கே வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

பல்லடம் ரோட்டில் ஒரு டயர் கடை இருக்கிறது. டயர் மாட்டும் மெஷின் வைத்திருக்கிறார்கள், ஆனால் வண்டியில் கை வைக்க மாட்டார்கள். வீலைக் கழற்றிக் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள். எங்கள் தெரு முனையில் இருக்கிற மெக்கானிக்கோ, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார். வேலை நாளில் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதில்லை. என் கணவர் இதை இரண்டு மாதமாக ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டே வழுக்கை டயரில் போய்வந்தார்.

"நானே கழட்டுதேன்" என்றேன்.

"எதுக்குளா வம்பு. அது மெக்கானிக் பாக்கிற வேலை" என்றார்.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் நூலைப் பின்னுகிற லூப்பர் இடறினால் மெக்கானிக் வரட்டும் என்று நான் கைகட்டி நிற்பதில்லை. மூடியைக் கழற்றி, ஊசியை மாற்றி, லூப்பரைச் சரிபார்த்து ஓடவிட்டுவிடுவேன். அங்கே அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஏற்றுமதிக் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் ஸ்பேனரை ஆண் பிடித்தால் என்ன, பெண் பிடித்தால் என்ன. அதே கை வீட்டு வாசலில் ஸ்பேனரைப் பிடித்தால் மட்டும் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். சாமான்களைக் கம்பெனி மெக்கானிக்கிடம் முந்தின நாளே கேட்டு வாங்கி வந்திருந்தேன். கைப்பேசியில் வீடியோ பார்த்திருந்தேன். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் பலகை வைத்து முட்டுக் கொடுத்தேன். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். இந்த ஊர்க்காரர், நல்ல மனிதர். துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் மில்லில் வேலை பார்க்கிறார்.

"ஏனுங்க்கா, உங்கூட்டுக்காரரு ஊட்ல இல்லீங்களா?"

"உள்ளதான் இருக்காங்க."

"அப்பறம் நீங்க எதுக்குங்க இதயெல்லாம் பண்ணிட்டு?"

நான் ஸ்பேனரை எடுத்து மாட்டினேன். முன்சக்கரத்தின் அச்சு நட்டு இறுகிப் போயிருந்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க, குடுங்க இப்படி" என்று ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கேட்கக்கூட இல்லை. அச்சின் மறுமுனையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை. பலம் கொடுத்துத் திருப்பினார். நட்டோடு சேர்ந்து அச்சும் சுற்றியது. மறுபடி திருப்பினார், மறுபடி சுற்றியது.

"துருப்புடிச்சுப் போச்சுங்க. மெக்கானிக்குகிட்டத்தான் கொண்டுட்டுப் போகோணும்" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நான் மறுமுனையில் ஒரு ஸ்பேனரை மாட்டிக் காலால் மிதித்துக்கொண்டு இந்த முனையைத் திருப்பினேன். கடக் என்று விட்டுக்கொடுத்தது.

"நா லூசு பண்ணி உட்டனல்லங்க, அதான்" என்றார் அவர்.

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

அச்சை உருவியதும் முன்சக்கரம் என் மடியில் வந்து விழுந்தது. இடது பக்கம் டிஸ்க், வலது பக்கம் ஸ்பீடோமீட்டர் கம்பி மாட்டுகிற டப்பி. டிஸ்க் இருந்த இடத்தில், பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைச் செருகினேன். பின்சக்கரம் கொஞ்சம் படுத்தியது. பிரேக் ராடைக் கழற்றி, செயினைத் தளர்த்திப் பல்சக்கரத்திலிருந்து இறக்கி, கருப்பு மசகு முழங்கை வரை ஏற, ஒரு வழியாக வெளியே எடுத்தேன். கை துடைக்கப் பனியன் வேஸ்ட் துணிக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. உதிர்ந்த வளையங்களையும் நட்டுகளையும் எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தேன். எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைக் கொடுத்தார். கணவர் ஓட்ட, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சக்கரம், பின்னால் என் மடியில் ஒரு சக்கரம் என்று டயர் கடைக்குப் போனோம்.

கடை முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மரியாதை. "வாங்க, வாங்க. சொல்லுங்க" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

என்ன அளவு டயர் என்று கேட்டார். என் கணவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்துத் தலையாட்டினார். டியூப் இல்லாததா என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். அதற்கும் என் கணவரைப் பார்த்தே, "செரிங்க" என்றார். நான் வேறு எங்கிருந்தோ கேட்கிற ரேடியோ மாதிரி.

மெஷினில் வேலை பார்க்கிறவர் பழைய டயரைப் பிரித்தார். புது டயரை எடுத்து வைத்தபோது நான் கிட்டே போனேன். டயரின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கி உருளும்போது அம்பு அந்தத் திசையைக் காட்ட வேண்டும். திருப்பிப் போட்டால், தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் தண்ணீரை உள்ளே வாங்கும். மழைக்காகத்தானே மாற்றவே வந்தோம்.

"அண்ணா, அம்பு பாத்துப் போடுங்க. டிஸ்க் இடது பக்கம் வரும்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. முதலாளிதான் என் கணவரிடம் சொன்னார். "அம்மணிய அப்படி நெழல்ல உக்காரச் சொல்லுங்க. இங்க பூராம் அழுக்குங்க."

காலையிலிருந்து முழங்கை வரை மசகில் கிடந்தவளைப் பார்த்து, அழுக்கு என்கிறார். என் கணவர் என்னைப் பார்த்து, "போயி உக்காரு" என்றார். நானும் போய் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று இன்று வரை எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கம்பெனியில் ஐம்பது பேரை வேலை வாங்குகிறவள், பெஞ்சில் போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து பின்சக்கரத்தை முதலில் மாட்டினேன். அது சரியாக இருந்தது. முன்சக்கரத்தை ஃபோர்க்குக்கு நடுவில் தூக்கி வைத்து, டிஸ்க்கைப் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் நுழைத்து, அச்சைச் செருகி, நட்டை இறுக்கினேன். எழுந்து நின்று கையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். அம்பு பின்பக்கம் காட்டியது.

முதலில் நான் சந்தேகப்பட்டது என்னைத்தான். சக்கரத்தைக் கையால் சுற்றினேன். மறுபக்கம் போய் அங்கிருந்த அம்பைப் பார்த்தேன். காலையில் எடுத்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் அதே இடதுபக்கம்தான். பழைய டயரின் அம்பு முன்னோக்கி இருந்தது. புது டயரைக் கடையில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நான் சொல்லியும் போட்டுவிட்டார்கள்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். புரிந்தது. "போன் போட்டுக் கேக்கேன்" என்று வாசலிலேயே நின்று கடைக்கு அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமாங்க... அவதாங்க மாட்டுனா. ...ஆமாங்க, தெரியாமத் திருப்பி மாட்டிருப்பா. ...சரிங்க, சரிங்க. நாங்களே பாத்துக்கிடுறோம். ...பரவால்லங்க."

போனை வைத்துவிட்டு, வீலை நாம்தான் மாற்றி மாட்டியிருப்போமாம், திருப்பி மாட்டினால் சரியாகிவிடுமாம் என்றார்.

நான் டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினேன்.

"டிஸ்க்கு ஒரு பக்கந்தான் இருக்கு. பிரேக்கும் ஒரு பக்கந்தான் இருக்கு. இந்த வீல எப்படித் திருப்பி மாட்ட முடியும்? நீங்களே மாட்டிக் காட்டுங்க."

"எனக்குத் தெரியும்ளா."

"தெரியுமா? தெரிஞ்சா எதுக்கு எம்மேல பழியப் போட்டிய?"

"சண்டை எதுக்குன்னுதான். அவரு மரியாதையாத்தான பேசுனாரு."

"நான் என்ன சண்டையா போடச் சொன்னேன்? உள்ளத உள்ளபடி சொல்லச் சொன்னேன்."

"நாம பொழைக்க வந்த இடம். நாளப்பின்ன அந்தக் கடைக்குத்தான் போவணும்."

இதுதான் என்னை உலுக்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் கோவில்பட்டிப் பக்கம். இங்கே வந்து, பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகள் இந்த ஊர்ப் பேச்சைப் பேசி, எங்களைப் பார்த்து 'என்ன இழுத்து இழுத்துப் பேசுறீங்க' என்று சிரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. இன்னும் பிழைக்க வந்த இடமாம். வீட்டு ஓனர் தண்ணீரை நிறுத்தினாலும், பட்டறையில் அவரை மட்டும் ராத்திரி ஷிப்டுக்குப் போட்டாலும் இதையேதான் சொல்வார். அது அவர் சுபாவம் என்று விட்டிருந்தேன். ஆனால் அந்தச் சுபாவத்துக்கு இப்போது என்னைத் தூக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார். தெரியாதவள், திருப்பி மாட்டினவள் என்று வெளி மனிதரிடம் என்னைக் காட்டிக்கொடுத்து, தன் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

"அப்படியே ஓட்டிக்கிடலாம். ஒண்ணும் ஆவாதுன்னு அவரே சொல்லுதாரு" என்றார்.

"ஓட்டப்போறது அவரில்ல. நீங்க."

உட்கார்ந்து முன்சக்கரத்தை மறுபடி கழற்றினேன். இந்த முறை கை தானாகவே வேலை செய்தது. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். "மறுக்கா எதுக்குங்க?" என்றார். "கடையில தப்பாப் போட்டுட்டாங்க" என்றேன். "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சக்கரத்தைக் கால்மாட்டில் வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன்.

கடையில் அப்போது கூட்டம் இருந்தது. நான் இறங்கிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனதும் முதலாளி எழுந்தார்.

"வாங்கம்மணி. உங்கூட்டுக்காரரு வரலீங்களா?"

"இல்லைங்க. வீல் வந்திருக்கு. டயரத் திருப்பிப் போட்டிருக்கீங்க. சரி பண்ணிக் குடுங்க."

"அதுதானுங்க அவருகிட்டப் போன்லயே சொன்னனே. நீங்க மாத்தி மாட்டியிருப்பீங்ளாட்ட இருக்குது. வீலத் திருப்பிப் போட்டாச் செரியாயிருமுங்க."

நான் சக்கரத்தை மேசைமேல் தூக்கி வைத்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். வாசலில் எங்கள் வண்டி மாதிரியே டிஸ்க் வைத்த வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"அந்த வண்டியில டிஸ்க்கு எந்தப் பக்கம் இருக்குங்க?"

"இடது பக்கமுங்க."

"பிரேக்கு?"

"அதுவும் அந்தப் பக்கந்தானுங்க."

"அப்ப இந்த வீல எப்படிங்க திருப்பி மாட்டுறது? டிஸ்க் வலது பக்கம் போயிட்டா பிரேக் எதப் பிடிக்கும்?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். மெஷின்காரரைப் பார்த்தார். டயருக்காகக் காத்திருந்த ஆட்களில் ஒருவர் எட்டிப் பார்த்து அம்பை விரலால் தொட்டார். முதலாளிக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. ஆமாங்க, தப்பு எங்களுதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் சொன்னது வேறு.

"கோவப்படாதீங்கம்மணி. ஒரு நிமிசம் இருங்க."

கைப்பேசியை எடுத்து என் கணவரை அழைத்தார். என் எதிரில், அத்தனை பேர் முன்னால். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, உங்கூட்டு அம்மணி வந்து நிக்கறாங்க. ரொம்பக் கோவமா இருக்கறாங்க. என்ன பண்ணலாமுங்க?"

சக்கரம் இங்கே இருக்கிறது, அம்பு இங்கே இருக்கிறது, நான் இங்கே நிற்கிறேன். என்ன பண்ணலாம் என்று, எதையும் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்கிறார்.

போனில் எங்கள் வாசலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் முதலில் கேட்டது. அவ சொல்லுறதுதான் சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன்.

"அவ என்ன சொல்லுதாளோ அதச் செஞ்சு குடுத்துருங்க" என்றார்.

"அப்படீங்ளா. நீங்க சொன்னாச் செரிங்க" என்று முதலாளி போனை வைத்தார். மெஷின்காரரைப் பார்த்து, "அத மாத்திக் குடுத்துரு" என்றார்.

டயரைத் திருப்பிப் போட்டார்கள். இந்த முறை நான் நிழலுக்குப் போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிகிறதா என்று பார்த்து என் கையில் கொடுத்தபோது, மெஷின்காரர் தாழ்ந்த குரலில், "நீங்க அப்பவே சொன்னீங்க்கா" என்றார். முதலாளி காதில் விழாதபடி சொன்னார். அதையும் நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. போனில் என்மேல் பழி போட்டபோது அவரும் அங்கேதான் நின்றிருப்பார்.

நான் கிளம்பும்போது, காத்திருந்தவர்களிடம் முதலாளி சொன்னது கேட்டது. "தெக்கத்தி ஆளுகங்க. கொஞ்சம் படபடன்னுதான் பேசுவாங்க." இந்தப் பகுதியில் மரியாதை அப்படி. ஒரு ங்க-வைக்கூடக் குறைக்காமல் ஆளைக் கீழே தள்ளிவிடலாம்.

வீட்டில் சக்கரத்தை மாட்டி முடிக்கும்வரை இவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான செய்யச் சொன்னேன். செஞ்சு குடுத்துட்டாரு பாத்தியா" என்றார்.

"நீங்க செய்யச் சொன்னிய. தப்பு யாருதுன்னு சொல்லல."

"வேலை நடந்துச்சா இல்லியா?"

"நடந்துச்சு."

பிரேக்கைப் பலமுறை அழுத்தி, பிடிக்கிறதா என்று பார்த்தேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை அவரிடம் கொடுத்தேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அடுத்த சில நாட்களும் தேவைக்குத்தான் பேசினேன். கம்பெனியில் லைனில் யாராவது பீஸை மாற்றித் தைத்துவிட்டு, 'கட்டிங்லயே தப்புங்க்கா' என்று சொன்னால், எனக்கு வழக்கத்துக்கு மேல் எரிச்சல் வந்தது.

அந்த வாரக் கடைசியில் நல்ல மழை. இவர் தாமதமாக, முழுக்க நனைந்து வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, வழியில் டயர் கடையில் நிறுத்தினேன் என்றார்.

"எதுக்கு?"

"டிஸ்க்கு ஒரு பக்கந்தாங்க இருக்கு, அத மாத்தி மாட்ட முடியாது, தப்பு உங்க கடையில நடந்தது, எங்க வீட்ல சரியாத்தான் மாட்டுனாங்கன்னு சொன்னேன்."

மழைக்குக் கடையில் ஒதுங்கியிருந்த ஆட்கள் முன்னால் சொன்னாராம். சொல்லும்போது குரல் நடுங்கியது என்றும் அவரே சொன்னார். இந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். பட்டறை முதலாளியிடம் போன மாசம்தான் கூலி பற்றிப் பேசப் போய், சௌக்கியம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

"அவரு என்ன சொன்னாரு?"

"ஆமாங்க, பசங்க கவனிக்காமப் போட்டுட்டாங்க, மனசுல வெச்சுக்காதீங்கன்னாரு. ஒரே வார்த்தைல ஒத்துக்கிட்டாரு. நல்ல மனுசந்தான்."

அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து நின்றார். சந்தோஷம் எனக்கு வரத்தான் செய்தது. ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டேன், சாப்பாடு எடுத்து வைத்தேன், அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். ஆனால் இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கவில்லை. நானும் இதையேதான் சொன்னேன். இதே வார்த்தைகளைத்தான், சக்கரத்தை மேசைமேல் வைத்து, வாசலில் நின்ற வண்டியைக் காட்டிச் சொன்னேன். என்னிடம் கோபப்படாதீங்க என்றார்கள். அவர் கையில் எதுவும் இல்லாமல் மழையில் நனைந்து போய்ச் சொன்னதும் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார்கள்.

"நான் சொன்னப்ப ஏன் ஒத்துக்கல?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். மழுப்பாமல், "தெரியலளா" என்றார். அதற்காக அவர்மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. மீதி பாதி அந்தக் கடைமேல், அந்த நிழல் பெஞ்சின்மேல், போய் உட்காரு என்றதும் போய் உட்கார்ந்த என்மேல் அப்படியே இருக்கிறது. நான் அதைக் குறைத்துக்கொள்ளப் போவதும் இல்லை.